வண்டியை விட்டு இறங்காத செட்ரிக்

செட்ரிக் ஹார்ட்னிக் முப்பத்தோரு வருஷம் சுற்றுலாப் பேருந்து ஓட்டினார். கேப் டவுனில் கிளம்பி, திராட்சைத் தோட்டங்கள் வழியாக மலையேறி இறங்கி, கடற்கரையைப் பிடித்து, நைஸ்னா தாண்டிக் காட்டுக்குள் போய்த் திரும்புகிற ஐந்து நாள் பாதை. எப்போதும் அதே பாதைதான். எழுநூறு தடவைக்குக் குறையாமல் போயிருப்பார். எந்தத் திருப்பத்தில் எத்தனை மணிக்குப் பனி இறங்கும், எந்த ஊர்ப் போலீஸ்காரர் எந்தப் புதருக்குப் பின்னால் நிற்பார் என்பதெல்லாம் மனப்பாடம். அப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற நாலாவது மாதம், மனைவியோடு அதே பாதையில் சொந்தக் காரில் ஒரு வாரம் போய் வரலாம் என்று பேச்சு வந்ததும் அரண்டுபோனார். எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

காரணம் ஒன்றுதான். அந்தப் பாதையில் செட்ரிக் எதையுமே பார்த்ததில்லை.

பயணிகள் இறங்கினால் ஓட்டுநர் வண்டியோடு இருக்க வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் சட்டம். வழிகாட்டிப் பெண் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பாள், நாற்பது வெள்ளைத் தொப்பிகள் அவள் பின்னால் போகும். உள்ளே நாற்பது பேருடைய பெட்டி, பாஸ்போர்ட், கேமரா எல்லாம் கிடக்கும்போது ஓட்டுநர் எங்கே போவார்? அதனால் செட்ரிக் பார்த்ததெல்லாம் வண்டி நிறுத்தும் இடங்கள். காட்டில் ஒன்று, கடற்கரையில் ஏழு, திராட்சைத் தோட்டங்களில் பன்னிரண்டு. அந்த இருபதிலும் எந்த மூலையில் எப்போது நிழல் விழும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இதை வீட்டில் அப்படியே சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர் சொல்லவில்லை.

முதல் பயணம் முடிந்து வந்த அன்று அவர் மனைவி மெர்சியா எட்டு மாதக் கர்ப்பிணி. சால்ட் ரிவர் துணித் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை அவளுக்கு. வீடு, ரயில், தையல் மெஷின், மறுபடி ரயில், வீடு. அன்று வீங்கிய கால்களை வெந்நீரில் விட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணு விடாம சொல்லு. நான் எங்க போய்ப் பார்க்கப் போறேன்?” என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து, “வண்டி நிறுத்துற இடம் ரொம்ப விசாலமா இருந்துச்சு” என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? காட்டிலிருந்து திரும்பி வந்து பேருந்தில் ஏறும்போது ஒரு டச்சு வாத்தியார், அங்கே ஆயிரம் வயசு யெல்லோவுட் மரம் ஒன்று நிற்பதாகச் சொல்லியிருந்தார். செட்ரிக் அதை எடுத்துக்கொண்டார். எட்டுப் பேர் கை கோத்தும் வளைக்க முடியவில்லை என்றார். நான் காதை வைத்துக் கேட்டேன், வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏறுகிற சத்தம் குடுகுடுவென்று கேட்டது என்றார். மெர்சியா வாயைப் பிளந்தாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் யார் நிறுத்துவது?

அடுத்த பயணத்தில் ஒரு திமிங்கிலம் வந்தது. பாறைக்குப் பக்கத்தில் மேலே எழும்பி, ஒரு கண்ணால் செட்ரிக்கையே பார்த்துவிட்டுப் போனது. கடற்கரையில் அவர் நிஜமாகச் செய்த வேலை, பயணிகளின் காலோடு வந்து படியில் கொட்டிய மணலைப் பெருக்கித் தள்ளுவது. அந்த மணல் அவருடைய கால்சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்ததால் கதைக்குச் சாட்சியும் கிடைத்தது. அதற்கடுத்து, மதுக்கிடங்கு ஒன்றின் கிழட்டு முதலாளி செட்ரிக்கைத் தனியாக நிலவறைக்குக் கூட்டிப்போய், மோந்து பார்த்தே மது எந்த வருஷத்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, மோந்தால் தப்பில்லையே! அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மச்சான் டெஸ்மண்ட் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டுவான். செட்ரிக் கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு, “ம்ம்... நல்ல மழை பெய்த வருஷம்” என்பார். வீடே அமைதியாகிவிடும்.

மெர்சியா இந்தக் கதைகளைத் தனக்குள் வைத்துக்கொள்கிறவள் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலையில் அவளைச் சுற்றி நாற்பது பெண்கள் உட்காருவார்கள், பக்கத்து மெஷின் ஃப்ரீடாதான் முதல் ஆள். செட்ரிக் பயணத்துக்கு ஒரு கதை கொடுத்தால் மெர்சியா அதை ஐந்து நாளைக்குப் பிரித்துக் கொடுப்பாள்.

பிள்ளைகள் பிறந்த பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் அவளை மம்மி என்பார், அவள் அவரை டாடி என்பாள். பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போய்விட்டார்கள், பெயர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. போன வருஷமே மெர்சியா வேலையை விட்டிருந்தாள். இந்த ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, அடிக்கோலை வைத்துக் கட்டம் கிழித்து, சாப்பாட்டு மேசையில் தட்டென்று வைத்தாள்.

“டாடி, செப்டம்பர் ரெண்டாம் வாரம் கிளம்புறோம். நீ சொன்ன இடம் ஒவ்வொண்ணையும் நான் கண்ணால பார்க்கணும். சொல்லு, முதல் நாள் எங்க?”

செட்ரிக் முதலில் ஊரையே மாற்றப் பார்த்தார். வடக்கே போனால் அந்த மாதம் காட்டுப்பூ பூத்துக் கிடக்குமே என்றார். பூ வாசலிலேயே இருக்கிறது என்றாள். காட்டில் பபூன் குரங்கு தொல்லை என்றார். குரங்குக்குப் பயப்படுகிறவள் உன்னைக் கட்டியிருப்பேனா என்றாள். சாக்கு தீர்ந்தது. அவர் வழியைச் சொன்னார், அவள் எழுதினாள். ஆனால் எழுத எழுத அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

“காலையில ஏழு மணிக்குள்ள ராபர்ட்சன் மதுக்கிடங்குக்குப் போயிடணும். அப்பதான் தெற்கு மூலை கிடைக்கும். பத்து மணிக்கு மேல மத்த மூலையெல்லாம் வெயில்.”

“எதுக்குத் தெற்கு மூலை?”

“நிறுத்தத்தான். அப்புறம் அந்தப் பழைய மலைப்பாதை வேணாம். அதுல போனா வண்டியைத் திருப்ப முடியாது. பன்னிரண்டு மீட்டர் வண்டி, பின்பக்கம் பள்ளத்துல தொங்கும்.”

“டாடி.”

“ராத்திரி தங்குற இடத்துக்குப் பெரிய கேட் இருக்கணும். நான் விசாரிச்சுட்டேன், ஒரே ஒரு லாட்ஜ்லதான் இருக்கு. கொஞ்சம் தள்ளி. குப்பை லாரிக்காரங்க தங்குவாங்க, ஆனா கேட் நல்ல அகலம்.”

மெர்சியா பேனாவைக் கீழே வைத்தாள். “டாடி, ஜன்னல் வழியா வெளியே பாரு. அங்க நிக்கிறது என்ன?”

“கொரோலா கார்.”

“அதுக்கு எத்தனை மீட்டர்?”

செட்ரிக் தலையைச் சொறிந்தார். சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. மெர்சியா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அன்றைக்குத் தப்பினார்.

சனிக்கிழமை, சுருள்முடி படியட்டும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிறபடி தலைமுடியைக் காலுறைக்குள் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஆன்ட்டி டோலி வந்தாள். எதிர்வீடு. மெர்சியாவோடு ஒரே வரிசையில் இருபது வருஷம் பித்தான் தைத்தவள். வரும்போதே கையில் பட்டியல்: காய்ந்த பீச் பழம் இரண்டு கிலோ, திராட்சைப் பாகு ஒரு பாட்டில், தீக்கோழி இறகில் செய்த தூசி தட்டுகிற துடைப்பம் ஒன்று.

“முட்டி மட்டும் ஒத்துழைச்சா நானும் பின்சீட்டுல ஏறியிருப்பேன்” என்றாள். “ஆனா ஒண்ணு, மெர்சியா. அந்த மரத்துல நீயும் காதை வெச்சுக் கேக்கணும். தண்ணி எப்படி ஏறுதுன்னு வந்து எனக்கு வாயால செஞ்சு காட்டணும். செட்ரிக், இவளைச் சரியான பக்கத்துல நிறுத்துப்பா, தப்பான பக்கத்துல வெச்சுட்டு ஒண்ணும் கேக்கலைன்னு வந்து நிப்பா.”

“நிறுத்துறேன், நிறுத்துறேன்” என்றார் செட்ரிக். காதுமடல் சூடேறிவிட்டது.

அன்று மாலையே ஆஷ்வெல் வீட்டுக்குப் போனார். ஆஷ்வெல் அவரைவிடப் பத்து வயசு இளையவன், அதே பாதையில் இன்னும் ஓட்டுகிறவன். முற்றத்தில் மீன் சுட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்தக் காட்டு மரம் இருக்கே, பக்கத்துல போனா எப்படி இருக்கும்? தொட விடுவாங்களா?”

ஆஷ்வெல் இடுக்கியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். “அண்ணே, என்னைக் கேக்கறீங்க? இடது பக்கம் நிறுத்தணும், ரெண்டு குழாய் இருக்கு, அதுல ஒண்ணு ஒழுகும். அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?”

“வீட்டுல என்ன சொல்லி வெச்சிருக்க?”

ஆஷ்வெல் உள்ளே எட்டிப் பார்த்தான். மனைவி தொலைக்காட்சி முன்னால் இருந்தாள். குரலைத் தாழ்த்தினான். “திமிங்கிலம் ஒண்ணு சொல்லியிருக்கேன்.”

“ஒரு கண்ணால பார்த்துச்சா?”

“உங்களையுமா?”

அந்த நேரத்தில்தான் செட்ரிக்குக்குத் தெரிந்தது, கேப் டவுனில் பேருந்து ஓட்டுகிற அத்தனை பேரையும் அந்தத் திமிங்கிலம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்று. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீன் கருகியது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது செட்ரிக்குக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஷ்வெல்லின் மனைவி நோட்டுப் போடவில்லை. மெர்சியா போட்டிருக்கிறாள். அவள் அந்த மரத்தில் காதை வைப்பாள், ஒன்றும் கேட்காது, பிறகு திரும்பி அவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது? முப்பத்தோரு வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றைக்கூட அவள் சந்தேகப்பட்டதில்லை. அது போய்விட்டால் கையில் என்ன இருக்கிறது?

உள்ளே நுழைந்தபோது மெர்சியா மேசையில்தான் இருந்தாள். நாலாம் நாளுக்கு நேரே ‘மரம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

“டோலி சொன்னது சரிதான் டாடி. எந்தப் பக்கம்? வழிக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா? நீ காதை வெச்ச அதே இடத்துல நான் வெக்கிறேன், நீ போட்டோ எடு.”

செட்ரிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“மம்மி, நான் அந்த மரத்தைப் பார்த்ததில்லை.”

“எந்த மரத்தை?”

“எந்த மரத்தையும். திமிங்கிலமும் இல்லை, நிலவறையும் இல்லை. நான் வண்டியிலேயேதான் இருந்தேன். ஏறுறப்ப அவங்க பேசிக்கிட்டதைக் கேட்டு, அதுல கொஞ்சம் சேர்த்து உன்கிட்ட சொன்னேன். முதல் தடவை உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் நிறுத்தத் தெரியலை.”

மெர்சியா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நோட்டை மூடினாள்.

“ஃப்ரீடாவுக்கு அந்தத் திமிங்கிலத்தைச் சொன்னேன்” என்றாள். “ஆஸ்பத்திரியில, கடைசி வாரம். கண்ணை மூடிக்கிட்டு, ‘மறுபடி சொல்லு மெர்சியா, அது பார்த்ததைச் சொல்லு’ன்னு கேட்டா. நாலு தடவை சொன்னேன். என் புருஷன் பார்த்ததுன்னு சொன்னேன்.”

செட்ரிக்கால் நிமிர முடியவில்லை. ஃப்ரீடாவின் சவ அடக்கத்தில் அவரும் பெட்டி தூக்கினவர். அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் மெர்சியா அவரோடு பேசவில்லை. வீட்டு நாய் பிரின்ஸோடுதான் பேசினாள். “பிரின்ஸ், சோறு ஆறுதுன்னு சொல்லு.” “பிரின்ஸ், அந்த மகா யாத்திரிகரைக் காலை எடுக்கச் சொல்லு, கூட்டணும்.” பிரின்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது. செட்ரிக் சொன்னபடியெல்லாம் செய்தார். சொல்லாத வேலையும் செய்தார். கொரோலாவை இரண்டு தடவை கழுவினார்.

மூன்றாம் நாள் காலை, பாகில் ஊறவைத்துத் தேங்காய்த்தூள் தூவிய கூசிஸ்டர் பணியாரத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். நோட்டும் வந்தது.

“அவங்க உள்ள போன நேரமெல்லாம் நீ என்னதான் பண்ணின? ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம்.”

“ஒண்ணுமில்லை மம்மி.”

“அந்த ஒண்ணுமில்லையைச் சொல்லு. எனக்கு நேரமிருக்கு.”

செட்ரிக் தயங்கித் தயங்கிச் சொன்னார். மணல் பெருக்குவதைச் சொன்னார். பழைய செய்தித்தாளும் வினிகரும் வைத்துக் கண்ணாடி துடைத்தால் கோடு விழாது என்றார். பேருந்துக்கு அடியில் பெட்டி வைக்கிற அறையில் முழங்காலை மடக்கித் தூங்கியதையும், ஒருநாள் கதவு பூட்டிக்கொண்டு அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டதையும் சொன்னார். தோட்டத்துச் சமையல்காரிகள் பின்வாசலில் கவிழ்த்த பெட்டியில் உட்கார வைத்துத் தக்காளி இறைச்சிக் குழம்பு ஊற்றியதைச் சொன்னார். காட்டு வாசலில் எண்ணெய் ரொட்டி சுட்டு விற்கிற நோம்புலெலோவைச் சொன்னார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் முதலில் பார்த்தபோது அவள் முதுகில் ஒரு குழந்தை கட்டியிருந்தது. அந்தக் குழந்தை நடந்தது, பள்ளிக்கூடம் போனது, செட்ரிக் பேருந்தின் படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தது, இப்போது நர்ஸ்.

“இருபத்தாறு வருஷமா உனக்குத் தெரிஞ்ச பொம்பளை. பேரை இன்னைக்குத்தான் கேக்கிறேன்” என்றாள் மெர்சியா. “அவ சுடுற ரொட்டி நல்லாருக்குமா?”

“ம்.”

“என்னோடதை விடவா?”

செட்ரிக் கையிலிருந்த கூசிஸ்டரைத் தட்டில் திருப்பி வைத்தார். “இனிமே உண்மைதானே சொல்லணும்?”

“உண்மைதான்.”

“கொஞ்சம் நல்லாருக்கும்.”

மெர்சியா உதட்டைக் கடித்தாள். சிரிக்கக் கூடாது என்று பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்ததும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, நோட்டைத் திறந்து, பழைய பக்கங்களைக் குறுக்கே அடித்தாள். புதுப்பக்கத்தில் புதுச் சட்டம் எழுதினாள். எழுதினதைச் சத்தமாக வாசித்தும் காட்டினாள்.

“ஒவ்வொரு இடத்துலயும் நீ மட்டும் இறங்கிப் போற. நான் வண்டியைப் பார்த்துக்கிறேன். நீ நிஜமாப் பார்த்துட்டு வந்து, பார்த்ததை மட்டும் சொல்ற. கேட்டு எனக்கு ஆசை வந்தாத்தான் நான் இறங்குவேன். வரலைன்னா வண்டியை எடு, அடுத்த இடம்.”

“மரத்துக்குமா?”

“மரத்துக்கும்தான். அங்க நான் இறங்காம திரும்பி வந்தேன்னா, டோலிகிட்ட நீயே போய்ச் சொல்லிக்கோ.”

 கதை விட வேண்டுமென்றால் செட்ரிக்குக்கு ஒரு நிமிஷம் போதும். பார்த்ததைச் சொல்லி ஒருத்தியை வண்டியிலிருந்து இறக்குவது எப்படி? அந்த வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லையே!

செப்டம்பர் இரண்டாம் வாரம் விடியற்காலையில் கிளம்பினார்கள். கட்டுச்சோறு குறைவில்லை: அவித்த முட்டை, இறைச்சி உருண்டை, ஆறின கோழி, ஃபிளாஸ்க் நிறைய ரூய்போஸ் தேநீர். பிரின்ஸை டோலி வீட்டில் விட்டார்கள். செட்ரிக் எண்பதைத் தாண்டாமல் ஓட்டினார். பின்னால் வந்த தக்காளி லாரி ஹார்ன் அடித்து முந்திப் போனது.

ராபர்ட்சன் பக்கம் முதல் மதுக்கிடங்கில் தெற்கு மூலையில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். அரை மணி கழித்து வந்தார். வரும்போதே முகம் தொங்கியிருந்தது.

“என்ன இருந்துச்சு?”

“இருட்டா இருந்துச்சு. பீப்பாய் நிறைய. நனைஞ்ச சாக்கு வாசனை. நாலு கிளாஸ் வெச்சாங்க, வாயில வெச்சுத் துப்பினேன்.”

“மூக்கு?”

“மூக்கு செத்துப்போச்சு மம்மி. கண்ணை மூடிட்டு மோந்தா எது சிவப்பு, எது வெள்ளைன்னுகூடத் தெரியலை. ஊத்தின பொண்ணு சிரிச்சிட்டா.”

மெர்சியாவுக்கு டெஸ்மண்ட் வருஷாவருஷம் பாட்டிலை நீட்டிக்கொண்டு பயபக்தியோடு நிற்பது ஞாபகம் வந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். “வா, எனக்கு முன்னாடி மோந்து காட்டு. இதை நான் பார்த்தே ஆகணும்.” இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, அன்று மத்தியானம் மலைப்பாதை முழுக்கப் பாடிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் கடல். அவர் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“திமிங்கிலம் இல்லை” என்றார் முதலில். “தண்ணி எலும்பு வரைக்கும் குத்துது. அலை திரும்பிப் போறப்ப காலுக்கடியில இருக்கிற மணலை யாரோ பாயை உருவுற மாதிரி உருவுது. ரெண்டு தடவை விழப் பார்த்தேன்.”

மெர்சியா காலணியைக் கழற்றினாள். இருவரும் கை பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் மத்தியானம் வரை நின்றார்கள். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் எழும்பி வரவில்லை. “ஃப்ரீடா இருந்தா பாவாடையைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பா” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குக் காட்டு வாசலில் இடது பக்கம் நிறுத்தினார்கள். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. நோம்புலெலோ எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“உன் வண்டி ஏன் இப்படிச் சுருங்கிப் போச்சு?” என்று கேட்டுச் சிரித்து, மெர்சியாவைக் கட்டிக்கொண்டாள்.

“போ டாடி” என்றாள் மெர்சியா.

செட்ரிக் நடந்தார். முதல் ஐம்பது அடிக்குள் இரண்டு தடவை திரும்பி காரைப் பார்த்தார். வழக்கப்படி தலைகளை எண்ண நினைத்தார், எண்ணத் தலை ஒன்றும் இல்லை. பிறகு பாதை வளைந்தது, கார் மறைந்தது. சூரியன் போய்ப் பச்சை வெளிச்சம் வந்தது. பறவை ஒன்று எங்கோ உயரத்தில் ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது. ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை, மரம் வந்துவிட்டது.

அவர் அண்ணாந்து பார்த்தார். தொப்பி பின்னால் விழுந்தது, எடுக்கவில்லை. காதை வைக்கலாமா என்று வெட்கத்தோடு ஒரு நினைப்பு வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பட்டை குளிர்ந்திருந்தது. முப்பத்தோரு வருஷமும் இது இங்கேதான், ஐந்து நிமிஷ நடையில் நின்றிருக்கிறது, நான் வெளியே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அந்த வயசில், கிழட்டு மனிதர், மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நன்றாக அழுதார். துக்கம் பாதி, சந்தோஷம் பாதி.

திரும்பி வந்தபோது மெர்சியா கார் கதவைத் திறந்துபோட்டு, கால்களை வெளியே தொங்கவிட்டபடி எண்ணெய் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“இவ ரொட்டி கொஞ்சம் இல்லை, ரொம்பவே நல்லாருக்கு” என்றாள். பிறகு, “சொல்லு” என்றாள்.

செட்ரிக் வாயைத் திறந்தார். வருஷக்கணக்காகத் தடையில்லாமல் ஓடின வாய் அது.

“பெரிசா இருக்கு” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

“எட்டுப் பேர் கை கோத்தா?”

“தெரியலை மம்மி. நான் ஒருத்தன்தானே இருந்தேன்.”

“தண்ணி ஏறுற சத்தம்?”

“கேக்கலை. வெச்சுப் பார்த்தேன், கேக்கலை.”

“அவ்வளவுதானா? பார்க்காதப்ப அவ்வளவு பேசின, பார்த்துட்டு வந்து ரெண்டு வார்த்தையா?”

“எனக்குச் சொல்லத் தெரியலை” என்றார் செட்ரிக். “நீ பக்கத்துல இல்லாம பார்த்தது பிடிக்கலை. அதுதான் உண்மை. வா மம்மி.”

மெர்சியா அவர் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, தலையில் தொப்பி இல்லை. ரொட்டித் தாளை மடித்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

“வண்டி?” என்றாள்.

செட்ரிக் சாவியை நோம்புலெலோவிடம் கொடுத்தார். “கொஞ்சம் பார்த்துக்கோ.”

“நீ வண்டியை விட்டுட்டுப் போறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!” என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள்.

செட்ரிக் மெர்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாதையில் நடந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.